பேட்டன்ட் ரினியூவல் ஃபீயில 80 சதவீதம் கம்மி: யாருக்கு, எப்போ, எதுக்கெல்லாம் இல்ல

"உத்யம் சர்டிஃபிகேட் இருந்தா பேட்டன்ட் ஃப்ரீ", "காலேஜுக்கெல்லாம் கவர்மென்ட் 80 சதவீதம் திருப்பிக் குடுக்குது", "ஒரு தடவ வாங்கிட்டா 20 வருஷம் நம்மளோடது, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது". இந்த மூணையும் யாராவது ஒருத்தர் உங்க கிட்ட சொல்லியிருப்பாங்க, ஒர்க்‌ஷாப்லயோ வாட்ஸ்அப் ஃபார்வர்டுலயோ. மூணுமே தப்பு, ஆனா மூணுலயும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கிட்டிருக்கு, அதனாலதான் இவ்ளோ குழப்பம். இந்தியாவுல இது நிஜமா எப்படி நடக்குதுன்னு அடியில இருந்து பாப்போம். சட்டம் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல.

முதல்ல, ரினியூவல் ஃபீன்னா என்ன?

நகராட்சி மார்க்கெட்ல ஒரு கடைய ஏலத்துல எடுக்குறீங்கன்னு வைங்க. ஏலம் எடுத்ததோட வேல முடிஞ்சிடாது, கடை உங்க பேர்ல இருக்கணும்னா வருஷா வருஷம் வாடக கட்டணும், கட்டலன்னா கடை போயிடும், நீங்க உள்ள எவ்ளோ செலவு பண்ணி ரேக் போட்டீங்கன்னு எவனும் கேக்க மாட்டான். பேட்டன்ட்டும் இதே கததான். பேட்டன்ட்ங்கிறது ஒரு புதுக் கண்டுபிடிப்ப மத்தவங்க உங்க அனுமதி இல்லாம தயாரிக்கவோ விக்கவோ கூடாதுன்னு தடுக்குற உரிமை, அப்ளிகேஷன் போட்ட தேதியில இருந்து அதிகபட்சம் 20 வருஷத்துக்கு. அந்த "அதிகபட்சம்" முக்கியம். வருஷா வருஷம் கட்டணம் கட்டினாத்தான் அடுத்த வருஷத்துக்கு அந்த உரிமை நீளும், அந்தக் கட்டணத்துக்குப் பேர்தான் ரினியூவல் ஃபீ.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு. கடை போனா அது வேற ஒருத்தருக்குப் போகும். பேட்டன்ட் போனா எல்லாருக்குமே போயிடும், யார் வேணும்னாலும் அந்தக் கண்டுபிடிப்ப பயன்படுத்தலாம், உங்களுக்கு ஒரு பைசா தர வேண்டியதில்ல.

தொகை எவ்ளோ?

முதல் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் கிடையாது. மூணாவது வருஷத்துக்கான ஃபீய ரெண்டாவது வருஷம் முடியுறதுக்குள்ள கட்டணும், அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதே மாதிரிதான். கட்டண அட்டவணையில ரெண்டு பத்தி இருக்கு. ஒண்ணு தனிமனிதர், ஸ்டார்ட்அப், சின்ன நிறுவனம், கல்வி நிறுவனம் இவங்களுக்கு. இன்னொண்ணு மத்த எல்லாருக்கும், அதாவது பெரிய கம்பெனிங்களுக்கு. ஆன்லைன்ல கட்டுறதுக்கு தொகை இப்படி:

3 முதல் 6-வது வருஷம் வரைக்கும் வருஷத்துக்கு 800 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 4,000.
7 முதல் 10 வரைக்கும் 2,400, பெரிய கம்பெனிக்கு 12,000.
11 முதல் 15 வரைக்கும் 4,800, பெரிய கம்பெனிக்கு 24,000.
16 முதல் 20 வரைக்கும் 8,000, பெரிய கம்பெனிக்கு 40,000.

எல்லா வரியிலயும் சரியா அஞ்சுல ஒரு பங்கு. "80 சதவீதம் கம்மி"ன்னு சொல்றது இதத்தான். முழு 20 வருஷமும் வச்சிருந்தா முதல் பத்தியில இருக்குறவங்க மொத்தம் 76,800 ரூபாய் கட்டுவாங்க, ரெண்டாவது பத்தியில இருக்குறவங்க 3,84,000. ஆன்லைன்ல கட்டாம ஆபீஸுக்குப் போய் பேப்பர்ல கட்டினா ரெண்டு பத்திக்குமே சுமார் பத்து சதவீதம் கூடும், 800 ரூபாய் 880 ஆகிடும், அதனால அந்தப் பக்கமே போகாதீங்க.

இங்க கவனிங்க, யாரும் யாருக்கும் எதையும் திருப்பித் தரல. இது மானியம் கிடையாது, ரீஃபண்டும் கிடையாது. கட்டும்போதே எந்தப் பத்தியில இருக்குற தொகைய கட்டுறீங்கங்கிறதுதான் விஷயமே. இத மனசுல வச்சுக்கிட்டா மீதிக் குழப்பம் பாதி தீர்ந்துடும், ஏன்னா இனிமே வர்ற எல்லாமே "நான் எந்தப் பத்தி?"ங்கிற ஒரே கேள்விக்கான பதில்தான்.

வருஷம் ஏற ஏற ஃபீ ஏன் ஏறுது?

ஆரம்பத்துல கண்டுபிடிப்பு காசு பாக்குதா இல்லையான்னே தெரியாது, அதனால வச்சிருக்குறது சுலபமா இருக்கணும். பத்து வருஷம் கழிச்சும் அதுல வருமானம் வருதுன்னா கொஞ்சம் அதிகமா கட்டுறதுல தப்பில்ல. வருமானமே இல்லன்னா அத சும்மா அடைச்சு வச்சிருக்காம விட்டுடுங்க, வேற யாராவது பயன்படுத்தட்டும். ஏறுற ஃபீக்குப் பின்னாடி இருக்குற யோசனை இதுதான், உலகம் பூரா பெரும்பாலும் இதே மாதிரிதான். அமெரிக்காவுல வருஷா வருஷம் கட்டத் தேவையில்ல, பேட்டன்ட் கெடச்சு மூணரை, ஏழரை, பதினொன்றரை வருஷம் ஆகும்போது மூணு தடவ மட்டும் கட்டணும், அங்கயும் ஒவ்வொரு தடவையும் தொகை ஏறும். அங்க சின்ன நிறுவனத்துக்கு 60 சதவீதமும், ரொம்பச் சின்னதுக்கு 80 சதவீதமும் கம்மி.

நம்ம அட்டவணைப்படி கடைசி அஞ்சு வருஷத்துக்கே 40,000 ரூபாய், அதாவது மொத்தத்துல பாதிக்கு மேல. சலுகையோட உண்மையான பலன் அப்ளிகேஷன் போடுற அன்னைக்கு இல்ல, பத்து வருஷத்துக்கு அப்புறம்தான். ஆனா பேசுறவங்க எல்லாரும் அப்ளிகேஷன் ஃபீ 8,000-க்கு பதிலா 1,600-ங்கிறத மட்டும்தான் பேசுறாங்க.

நான் எந்தப் பத்தி?

தனிமனிதர்னா பிரச்சினையே இல்ல, சர்டிஃபிகேட் எதுவும் வேணாம். உங்க பேர்ல, உங்க தனிப்பட்ட உரிமையா இருந்தா முதல் பத்திதான்.

ஸ்டார்ட்அப்னா மத்திய அரசோட டிபிஐஐடி (தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை) குடுக்குற அங்கீகாரச் சான்று இருக்கணும். நேத்து கம்பெனி ஆரம்பிச்சேன், லிங்க்ட்இன்ல ஃபவுண்டர்னு போட்டிருக்கேன்னு சொன்னா செல்லாது. 2016-ல திருத்தின விதிகள்ல இருந்து இவங்களுக்கு இந்தச் சலுகை இருக்கு.

சின்ன நிறுவனம்ங்கிறதுலதான் நெறைய பேர் தப்புக் கணக்கு போடுறாங்க. பேர்ல "சின்ன"ன்னு இருக்கே, நாங்க மீடியம் ஆச்சேன்னு நெனச்சு முழுத் தொகையும் கட்டிட்டு வர்றவங்க இருக்காங்க. விதிப்படி எம்எஸ்எம்ஈ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டத்துல மீடியம் நிறுவனத்துக்கு இருக்குற முதலீட்டு வரம்பு வரைக்கும் சின்ன நிறுவனம்தான். அந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் பெருசாவே ஏறிடுச்சு, மீடியம்னா முதலீடு 125 கோடி வரைக்கும், டர்ன்ஓவர் 500 கோடி வரைக்கும். முன்னாடி இது 50 கோடியும் 250 கோடியுமா இருந்துச்சு. அதனால கோயம்புத்தூர்ல பம்ப் செய்யுற, ஹோசூர்ல ஆட்டோ பார்ட்ஸ் செய்யுற நடுத்தரக் கம்பெனிங்க பலதும் தாராளமா இதுக்குள்ள வரும், அவங்களுக்குத்தான் இது தெரியவே மாட்டேங்குது. இந்தியக் கம்பெனின்னா ஆதாரம் எம்எஸ்எம்ஈ பதிவு, அதாவது உத்யம் சான்று.

இன்னொரு பழைய சங்கதியும் இருக்கு. 2014-ல சின்ன நிறுவனத்துக்குன்னு தனிப் பத்தி கொண்டு வந்தப்போ அது நடுவுல இருந்துச்சு, பெரிய கம்பெனி கட்டுறதுல பாதி. 2020 நவம்பர்லதான் அந்த நடுப் பத்திய எடுத்துட்டு தனிமனிதர் ரேட்டுக்கே கொண்டு வந்தாங்க. இன்னும் பல வெப்சைட்ல மூணு பத்தி இருக்குற பழைய அட்டவணைதான் கெடக்கு, அதப் பாத்துட்டு "50 சதவீதம்தானே"ன்னு சண்டைக்கு வராதீங்க.

கல்வி நிறுவனம் கடைசியா வந்தது, 2021 செப்டம்பர்ல. அதுக்கு முன்னாடி நெலம கொஞ்சம் கேலிக்கூத்தாதான் இருந்துச்சு. ஒரு மாணவர் தன் பேர்ல அப்ளிகேஷன் போட்டா 1,600 ரூபாய், அதே மாணவரோட பல்கலைக்கழகம் தன் பேர்ல போட்டா 8,000, அதாவது பன்னாட்டுக் கம்பெனி கட்டுற அதே தொகை. ஆராய்ச்சிய ஆதரிக்கிறோம்னு மேடையில பேசிக்கிட்டே இப்படி ஒரு அட்டவணைய வருஷக்கணக்கா வச்சிருந்தாங்க. இப்போ மத்திய, மாநிலச் சட்டத்துல உருவான பல்கலைக்கழகமும், அரசு இதுக்குன்னு நியமிச்ச அமைப்பு அங்கீகரிச்ச மத்த கல்வி நிறுவனமும் முதல் பத்திக்கு வந்துடுச்சு. தனியார் இன்ஜினியரிங் காலேஜ், பாலிடெக்னிக் மாதிரி இடங்கள் இந்த ரெண்டாவது வகையிலதான் வர முடியும், அதுக்கு அங்கீகாரக் கடிதத்த கைல வச்சிருக்கணும்.

இதுவரைக்கும் பாத்தத சுருக்கமா சொன்னா: ரெண்டு பத்தி, நாலு வகையான ஆளுங்க முதல் பத்தி, மத்தவங்க எல்லாரும் ரெண்டாவது. எந்த வகைங்கிறத பேச்சு முடிவு பண்ணாது, பேப்பர்தான் முடிவு பண்ணும்.

அந்தப் பேப்பருக்குப் பேர் ஃபார்ம் 28

ஃபார்ம் 28-ங்கிறது "நாங்க ஸ்டார்ட்அப், இல்ல சின்ன நிறுவனம், இல்ல கல்வி நிறுவனம்"னு உறுதி சொல்லி ஆதாரத்தோட குடுக்குற படிவம். அவ்ளோதான், இதுக்குத் தனியா ஃபீ கிடையாது. தனிமனிதருக்கு இது தேவையில்ல. உத்யம் நம்பர் இருந்தா சிஸ்டமே கண்டுபிடிச்சு கம்மி பண்ணிடும்னு நெனைக்கிறது தப்பு, நீங்க கேட்டாத்தான் உண்டு. கட்டணம் குறிப்பிட்டிருக்குற ஒவ்வொரு ஆவணத்தோடவும் இது சேர்ந்து வரணும்னு விதி 7 சொல்லுது, அதனால அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ குடுத்தோமேன்னு அசால்ட்டா இருக்க வேணாம், இப்போ செல்லுபடியாகுற ஆதாரம் ஒண்ணு ஃபைல்ல எப்பவும் இருக்கட்டும்.

கூட்டா வச்சிருந்தா? வித்துட்டா? வளந்துட்டா?

இங்கதான் காலேஜுங்க மாட்டுறாங்க. ஒரு காலேஜும் ஒரு பெரிய கம்பெனியும் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணி ரெண்டு பேர் பேர்லயும் பேட்டன்ட் எடுத்தா முழுத் தொகைதான், பாதிப் பாதி கணக்கெல்லாம் கிடையாது. கூட்டத்துல ஒருத்தர் ரெண்டாவது பத்தி ஆளா இருந்தா எல்லாருமே ரெண்டாவது பத்தி. ஒப்பந்தம் போடும்போதே ரினியூவல் ஃபீய யார் கட்டுறதுன்னு ஒரு வரி எழுதிடுங்க. பேட்டன்ட் கெடச்சதும் கை குலுக்கி போட்டோ எடுத்துக்குறாங்க, பதினோராவது வருஷம் 24,000 ரூபாய் வரும்போது "அது அவங்க கட்டணும்"னு ரெண்டு பக்கமும் கையக் காட்டுறாங்க.

அப்ளிகேஷன் நிலுவையில இருக்கும்போதே அத பெரிய கம்பெனிக்கு மாத்திக் குடுத்தா, முழுசாவோ கொஞ்சமாவோ, அதுவரைக்கும் கம்மியா கட்டினதுக்கும் முழுத் தொகைக்கும் உள்ள வித்தியாசத்த புது ஓனர் சேத்துக் கட்டணும். ஆனா நீங்களே வளந்து வரம்பத் தாண்டிட்டீங்க, இல்ல ஸ்டார்ட்அப் காலம் முடிஞ்சிடுச்சுன்னா முன்னாடி கட்டினதுக்கு வித்தியாசம் கேக்க மாட்டாங்க, இத விதியிலயே தெளிவா எழுதியிருக்காங்க. வளந்ததுக்கு அபராதம் போடாம விட்டது நல்ல விஷயம்.

லைசென்ஸ் வேற. லைசென்ஸ்ங்கிறது உரிமைய நீங்களே வச்சுக்கிட்டு பயன்படுத்த மட்டும் இன்னொருத்தருக்கு அனுமதி குடுக்குறது. அமெரிக்காவுல பெரிய கம்பெனிக்கு லைசென்ஸ் குடுத்தாலே சின்ன நிறுவனச் சலுகை போயிடும், அதனால அங்கயும் பேட்டன்ட் வச்சிருக்குற காலேஜுங்க ஒவ்வொரு தடவ கட்டும்போதும் இத யோசிச்சுதான் கட்டணும். இங்க விதி பேசுறது உரிமைய மாத்திக் குடுக்குறதப் பத்தி மட்டும்தான்.

தேதி: பணத்த விட இதுதான் ஆபத்து

ரினியூவல் கணக்கு அப்ளிகேஷன் போட்ட தேதியில இருந்து ஓடும், பேட்டன்ட் கெடச்ச தேதியில இருந்து இல்ல. ஆனா கெடைக்குற வரைக்கும் ஃபீ கட்டத் தேவையில்ல. அப்போ நடுவுல போன வருஷங்களுக்கு? அதெல்லாம் சேந்து ஒரே பில்லா வரும். உதாரணத்துக்கு 2019 ஜூன்ல போட்ட அப்ளிகேஷனுக்கு 2023 ஆகஸ்ட்ல பேட்டன்ட் கெடைக்குதுன்னு வைங்க. 3, 4, 5-வது வருஷ ஃபீக்கான கெடு ஏற்கெனவே போயிடுச்சு, அதனால மூணையும் சேத்து 2,400 ரூபாய், பெரிய கம்பெனின்னா 12,000. பேட்டன்ட்ட பதிவேட்டுல ஏத்தின தேதியில இருந்து மூணு மாசத்துக்குள்ள கட்டணும், கூடுதல் ஃபீயோட இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கலாம். அதே அப்ளிகேஷன் 2028 ஆகஸ்ட் வரைக்கும் இழுத்திருந்தா 10-வது வருஷம் வரைக்கும் சேந்து 12,800 ஆகியிருக்கும், பெரிய கம்பெனிக்கு 64,000. பேட்டன்ட் கெடச்ச சந்தோஷத்துல ஸ்வீட் குடுத்துட்டு இந்த முதல் பில்ல மறந்தவங்க நெறைய.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அப்ளிகேஷன் தேதிதான் கெடு. தவறினா ஃபார்ம் 4 போட்டு, மாசக் கணக்குல கூடுதல் ஃபீ கட்டி, அதிகபட்சம் ஆறு மாசம் வரைக்கும் தாமதமா கட்டலாம். அதையும் விட்டா பேட்டன்ட் செத்துடும். செத்த தேதியில இருந்து 18 மாசத்துக்குள்ள உயிர் குடுக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், ஆனா வேணும்னே விடல, விண்ணப்பிக்கிறதுலயும் தேவையில்லாம தாமதிக்கலன்னு காட்டணும். அப்படி உயிர் வந்தாலும், நடுவுல அது செத்துடுச்சுன்னு நம்பி யாராவது தயாரிக்க ஆரம்பிச்சிருந்தா அவங்களுக்கும் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, அவங்க மேல சுலபமா கேஸ் போட முடியாது. 800 ரூபாய் கட்டாம விட்டதுக்கு இது ரொம்பப் பெரிய வில.

2024 மார்ச்ல வந்த திருத்தத்துல ஒரு நல்ல வழி இருக்கு. குறைஞ்சது நாலு வருஷ ஃபீய முன்கூட்டியே ஆன்லைன்ல கட்டினா பத்து சதவீதம் கழிவு. 7-ல இருந்து 10 வரைக்கும் சேத்துக் கட்டினா 9,600-க்கு பதிலா 8,640. மிச்சமாகுற 960 ரூபாய் ஒண்ணும் பெருசில்ல, ஆனா நாலு வருஷத்துக்கு கெடு தேதிய நெனச்சு பதறத் தேவையில்ல, அதுக்காகவே கட்டலாம். குறிப்பா காலேஜுங்க. கண்டுபிடிச்ச புரொபசர் ரிட்டயர் ஆயிருப்பார், ஃபைல் எந்த டிபார்ட்மெண்ட்ல இருக்குன்னு யாருக்கும் தெரியாது, பர்சேஸ் கமிட்டி கையெழுத்துக்கே ரெண்டு மாசம் ஆகும்.

சுருக்கமா: அப்ளிகேஷன் தேதியில இருந்து கணக்கு, பேட்டன்ட் கெடச்சதும் நிலுவை பில் மூணு மாசத்துல, தவறினா ஆறு மாசம் கருணை, அதுக்கப்புறம் 18 மாசத்துக்குள்ள ஒரே ஒரு கடினமான வழி.

இந்தச் சலுகை தொடாத செலவு

ஏஜென்ட் ஃபீ இதுல வராது. அப்ளிகேஷன் எழுதிக் குடுக்குற பேட்டன்ட் ஏஜென்ட் வாங்குற தொகை பல தடவ அரசுக் கட்டணத்த விட பல மடங்கு இருக்கும், அத இந்த விதி தொடவே தொடாது. ஸ்டார்ட்அப்புக்குன்னு 2016-ல தொடங்கின எஸ்ஐபிபி திட்டத்துல ஏஜென்ட் செலவ அரசு ஏத்துக்குது, பின்னாடி கல்வி நிறுவனங்களுக்கும் அத நீட்டிச்சாங்க. ஆனா அதுலயும் அரசுக் கட்டணம் உங்க பாக்கெட்ல இருந்துதான். அதாவது அதுவும் இதுவும் நேர் எதிர், ஒண்ணு ஏஜென்ட் செலவுக்கு, ஒண்ணு அரசுக் கட்டணத்துக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பித்தான் "எல்லாமே ஃப்ரீ"ங்கிற கதை பொறந்திருக்கும்னு நெனைக்கிறேன்.

டிரேட்மார்க் இதுல சேராது. அங்க முதல் தடவ பதியும்போது சின்ன நிறுவனத்துக்கு 9,000-க்கு பதிலா 4,500. ஆனா பத்து வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற ரினியூவலுக்கு ஆன்லைன்ல எல்லாருக்குமே 9,000தான், பெட்டிக் கடையா இருந்தாலும் சரி, பன்னாட்டுக் கம்பெனியா இருந்தாலும் சரி.

வெளிநாட்டு பேட்டன்ட்டும் சேராது, ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி ஃபீ, தனித்தனி விதி. அப்புறம் ஃபார்ம் 27-ன்னு ஒண்ணு இருக்கு, பேட்டன்ட்ட நடைமுறையில பயன்படுத்துறீங்களான்னு மூணு நிதியாண்டுக்கு ஒரு தடவ குடுக்குற அறிக்கை. ரினியூவல் கட்டிட்டா இது முடிஞ்சதா அர்த்தம் இல்ல.

கட்டுறதுக்கு முன்னாடி

ஃபீ கட்டும்போது பேட்டன்ட் நம்பர், பேட்டன்ட் தேதி (அதாவது அப்ளிகேஷன் போட்ட தேதி), எந்த வருஷத்துக்கான ஃபீ, இந்த மூணும் சரியா இருக்கணும். எந்த வருஷம்ங்கிறதுலதான் தப்பு நடக்கும், ஏன்னா 7-வது வருஷ ஃபீய 6-வது வருஷம் முடியுறதுக்குள்ள கட்டணும், அந்த 6-ஐ போட்டு 800 கட்டிட்டு வந்துடுவாங்க, ஆனா கட்ட வேண்டியது 2,400. "உங்க பேட்டன்ட் காலாவதியாகப் போகுது, உடனே இந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க"ன்னு சீல் வச்ச மாதிரி லெட்டரோ மெயிலோ வந்தா அத நம்பிக் கட்டாதீங்க. பதிவேட்டுல உங்க விவரம் எல்லாருக்கும் தெரியுற மாதிரி இருக்குறதால இந்த மாதிரி ஏமாத்து வேல உலகம் பூரா நடக்குது. சந்தேகம் இருந்தா பேட்டன்ட் ஆபீஸோட சொந்த வெப்சைட்ல உங்க நம்பரப் போட்டுப் பாருங்க, தமிழ்நாட்டுக்காரங்களுக்கு கிண்டியில இருக்குற சென்னை ஆபீஸ்தான், நேராப் போயும் கேக்கலாம்.

இதெல்லாம் படிச்சிட்டு எல்லா பேட்டன்ட்டையும் 20 வருஷம் பிடிச்சு வச்சுக்கணும்னு முடிவு பண்ணிடாதீங்க. சில காலேஜுங்க தரவரிசைக்கு எண்ணிக்கை காட்டணும்னே வருஷத்துக்கு அம்பது, நூறுன்னு போட்டுத் தள்ளுறாங்க. நூறு பேட்டன்ட்ட 11-வது வருஷத்துல வச்சிருக்கணும்னா சலுகைக்கு அப்புறமும் வருஷத்துக்கு 4,80,000 ரூபாய். ஆறாவது வருஷம் முடியும்போதும் பத்தாவது வருஷம் முடியும்போதும், ஃபீ அடுத்த படிக்கு ஏறுறதுக்கு முன்னாடி, ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாருங்க: யாராவது லைசென்ஸ் கேட்டாங்களா, நம்ம பொருள்ல இது இருக்கா, போட்டிக் கம்பெனி இத தொடப் பயப்படுதா. மூணுக்கும் இல்லன்னா அத கட்டாம விடுறதுல ஒரு தப்பும் இல்ல.